மூக்கும் நாக்கும்

காபியில சக்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன், குடி கண்ணு. கோபிப் பக்கத்துக்காரங்களுக்கு இது பத்தாதுன்னு தெரியும். எனக்குச் சக்கரை வியாதின்னு டாக்டர் சொன்னதுல இருந்து டப்பாவை மேல் அலமாரிக்கு ஏத்தி வெச்சிருக்கேன், இறக்கறதுக்குச் சோம்பேறித்தனம். முகுந்த் லேக் மார்க்கெட்டுக்குப் போயிருக்கான், கருவேப்பிலையும் தேங்காயும் வாங்கிட்டு வர. மெட்ரோவுல கூட்டமா இருக்கும், மெதுவாத்தான் வருவான். அதுக்குள்ள நீ கேட்டதுக்குப் பதில் சொல்லிடறேன்.

"ஆன்ட்டி, தெரிஞ்சேதானே பண்ணீங்க?"ன்னு கேட்ட. ஆமா இல்லைன்னு ஒத்த வார்த்தையில சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா நான் ஆபீஸ்ல வேலை பார்க்கறவ, காரணம் சொல்லாம எதுலயும் கையெழுத்துப் போட்டுப் பழக்கம் இல்ல. ஜாதவ்பூர்ல இருந்து இத்தனை வெயில்ல ஆட்டோ பிடிச்சு வந்திருக்க. முழுசாத்தான் கேட்டுட்டுப் போயேன்.

என் வேலை சம்பள நிர்ணயம். புதுசா சம்பளக் கமிஷன் வந்துச்சுன்னா, பழைய விகிதத்துல இருக்கிற ஆளைப் புது விகிதத்துல எந்தக் கட்டத்துல கொண்டுபோய் உட்கார வைக்கறதுன்னு பார்க்கணும். பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் மேலோட்டமாப் பார்த்தா சம்பந்தமே இருக்காது. ஆனா அதுல ஒரே ஒரு தர்மம் உண்டு. மாத்தறப்ப யாருக்கும் ஏற்கெனவே இருந்ததுல இருந்து குறையக் கூடாது. பியூனா இருந்தாலும் சரி, டைரக்டரா இருந்தாலும் சரி. அதை நான் ஒரு தடவைகூட மீறினதில்ல, எங்க ஆபீஸ்ல யாரை வேணா கேட்டுப் பாரு.

உங்க விளையாட்டு எனக்கு முதல்ல ஒண்ணும் புரியல. தடித்தடியா நாலு பசங்க என் டைனிங் டேபிளைச் சுத்தி உட்கார்ந்துக்கிட்டு, ஒருத்தன் "நான் கதவை உடைக்கிறேன்"ங்கறான், பகடையை உருட்டறான், கதவு உடைஞ்சுதா இல்லையான்னு நடுவுல உட்கார்ந்திருக்கிற மாஸ்டர் சொல்றான். எந்தக் கதவுடான்னு சுத்திப் பார்த்தா ஒரு கதவும் இல்ல. டீ மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர் எல்லாம் கேள்விப்பட்டிருக்கேன், கேம் மாஸ்டர் அப்பத்தான் பார்த்தேன். அப்ப மாஸ்டர் ஹரீஷ். பஜ்ஜித் தட்டை வெச்சுட்டுப் போறவ, கொஞ்சம் கொஞ்சமா அங்கேயே நின்னு கேக்க ஆரம்பிச்சேன். ஒரு நாள் ஹரீஷ் கூட்டல் தப்பாப் போட்டு ஒரு பூதத்தை அநியாயமாக் கொன்னுட்டான். பொறுக்கல எனக்கு. சொல்லிட்டேன். அதுல இருந்து சந்தேகம் வந்தா எல்லாரும் சமையல்கட்டைப் பார்த்துத்தான் கத்துவாங்க.

ஹரீஷ் பெங்களூர் போறப்ப ஒரு அட்டைப்பெட்டி நிறைய பழைய சாகசப் புத்தகங்களை என் தலையில கட்டிட்டுப் போனான். காலேஜ் ஸ்ட்ரீட் நடைபாதையில வாங்கினது, எல்லாம் நாப்பது வருஷத்துக்கு முந்தினது. நல்ல கதைங்க. ஆனா பழைய விதிமுறைக்கு எழுதினது. நீங்க விளையாடறது புது முறை. பழசுல கவசத்துக்குப் போடற எண் எவ்வளவு குறைச்சலோ அவ்வளவு பலம். புதுசுல எண் கூடக்கூடத்தான் பலம். அப்படியே எடுத்து வெச்சா, ஊரையே நடுங்க வைக்கிற ராட்சசன் காகித அட்டை போட்டுக்கிட்டு வந்து நிப்பான். இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அட, இது நம்ம சம்பள நிர்ணயம்தானேன்னு உட்கார்ந்தேன். அப்புறம் மாஸ்டரும் நானேதான் ஆனேன்.

பழைய முறையில இன்னொரு சங்கதி. அதுல சாவு சுலபம். விஷம் குடிச்சியா, ஒரு பகடை, தப்பினா தப்பினே, இல்லைன்னா பாடைதான். புது முறையில சாகறதுக்கே மேலதிகாரி ஒப்புதல் வேணும்போல இருக்கு. விழுந்தா மூணு தடவை உருட்டலாம், பக்கத்துல இருக்கிறவன் மருந்து ஊட்டலாம், ராத்திரி தூங்கி எந்திரிச்சா எல்லாம் சரியாப் போயிடும். நான் நடத்தின மூணு வருஷத்துல உங்கள்ல ஒருத்தர்கூடச் சாகல. அவ்வளவு பார்த்துப் பார்த்து மாத்தினேன். இதை நீ மறந்துடக் கூடாது.

இப்ப பழனி விஷயத்துக்கு வர்றேன்.

என் வீட்டுக்காரர் பழனிசாமியை நீ பார்த்ததில்ல. நீ கல்கத்தாவுக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. துறைமுகத்துல வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிடக் கை கழுவப் போன இடத்துலயே விழுந்துட்டாங்க. அவுங்க இருந்த இடத்துல அவுங்க குரல்தான் கேக்கும். நாலு வார்த்தை பேசினா நாப்பது பேர் சிரிப்பாங்க. கீழ் வீட்டு மித்ரா குடும்பத்துக்குத் தமிழ் ஒரு அட்சரம் தெரியாது, அவுங்களும் சிரிப்பாங்க. கல்கத்தாவுல இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் அவுங்க பேச்சுல கொங்குநாட்டு இழுப்பு ஒரு துளி குறையல. விருந்தாளின்னா ஒறம்பரை, பண்டிகைன்னா நோம்பி, கவலைன்னா வெசனம், எல்லாத்துக்கும் ஒரு 'ங்'.

காரியம் எல்லாம் முடிஞ்சு நாங்க ஊர்ல இருந்து திரும்பி வந்த அடுத்த ஞாயிறு, பசங்க தயங்கித் தயங்கித்தான் வந்தாங்க. விளையாட்டு வேணாம்னு ரோஹித் சொன்னான். அப்பாவைப் பறிகொடுத்துட்டு வந்த முகுந்த்தான் விளையாடலாம்னான். அவன்கிட்ட அதுவரைக்கும் ஒரு வில்வீரன் இருந்தான், நல்லா உயரமா, இங்கிலீஷ் பேசறவன். அவனை ஓரமா வெச்சுட்டு, புதுசா ஒரு குள்ளனைக் கொண்டு வந்தான். தாடி, கோடாலி. பேர் என்னன்னு கேட்டேன். "பழனிங்"ன்னான்.

அப்படியே அவுங்க குரல். ரோஹித் எந்திரிச்சு பாத்ரூமுக்குப் போயிட்டான். பாவம், எங்க ஆபீஸ் வைத்தியநாதன் சார் பையன் அவன், பாலிகஞ்ச்ல இருந்தாலும் பாதி நாள் எங்க வீட்டுலதான் வளர்ந்தான். நான் பகடையை எடுத்துக் குடுத்தேன். வேறென்ன பண்றது.

அப்புறம்தான் நீ வந்து சேர்ந்த. முதல் நாளே பழனி ஒரு டிராகனைப் பார்த்து, "ஏனுங், இத்தனை தங்கத்து மேல படுத்திருக்கீங்களே, முதுகுல குத்தாதுங்களா? ஒரு கோரப்பாய் கொண்டாரட்டுங்களா?"ன்னு கேட்டானே, நீ காபியைத் துப்பிட்ட. டிராகனும் சிரிச்சிருச்சு. நான்தான் டிராகன். சிரிக்காம இருக்க முடியல கண்ணு. நீங்க எல்லாம் ஞாயித்துக்கிழமைக்காக ஏங்க ஆரம்பிச்சீங்க. குள்ளர் மொழின்னாலே கொங்குத் தமிழ்னு முகுந்த் விதி போட்டான், நான் ஒத்துக்கிட்டேன்.

இங்க பிறந்து வளர்ந்த பையன் அவன். பள்ளிக்கூடத்துல பின்தங்கிடக் கூடாதுன்னு நான்தான் சின்னதுல அவன்கிட்ட வங்காளத்துல பேசினேன். தமிழ் அவனுக்கு அப்பாகிட்ட இருந்து வந்தது. பாட்டு மாதிரி வந்தது, வார்த்தை வார்த்தையா வரல. அப்பாவோட வாக்கியங்கள் முழுசா வாயில வரும், நடுவுல ஒரு வார்த்தையை உருவிக் கேட்டா முழிப்பான். அப்பா போன பிறகு அந்தக் குரல் உயிரோட இருந்தது பழனி வாயில மட்டும்தான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும். அது எனக்குத் தெரியும். தெரியாம பண்ணினேன்னு நான் சொல்லவே மாட்டேன்.

மத்த ஆறு நாளும் அவன் ஊமை. சாப்பிடறியா, ம். போறியா, ம். டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டியா, ம். ஒரு டிராகனுக்குக் கிடைக்கிற பேச்சு பெத்தவளுக்குக் கிடையாது. ஆனா அதை நான் பெருசா எடுத்துக்கல.

அவுங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வீட்டுக்கு நாலு பேர் வந்திருக்கிறப்ப நான் ஏதாவது வாயைத் திறந்தா, "கலாவுக்குக் கணக்குத் தெரியுமுங். வேறென்னுங் தெரியும்?"பாங்க. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். தப்பா எதுவும் இல்ல, அன்பாத்தான் சொல்லுவாங்க. கல்யாணமான வருஷத்துல இருந்து போன வருஷம் வரைக்கும், சரி, அவுங்க இருந்த வரைக்கும்.

மழைக்காலத்துல ஒரு ஞாயிறு. உங்களைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். அலை, உப்புக்காத்து, உடைஞ்ச கப்பல்னு நல்லா வர்ணிச்சேன், எனக்கே திருப்தியா இருந்தது. முகுந்த் நாற்காலியில சாஞ்சு, இல்லாத தாடியைத் தடவிக்கிட்டு, "மாஸ்டரம்மாவுக்குக் கணக்குத் தெரியுமுங். கடலைப் பத்தி என்னுங் தெரியும்?"ன்னான். நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, வரிசையாச் சொல்லிட்டு வர்றப்ப இடையில வருதுன்னு சொல்றேன்.

அந்த வாரம்தான் பெட்டியில இருந்து உப்புச் சுரங்கத்துக் கதையை எடுத்தேன். நல்ல கதை. சுரங்கத்தோட கடைசி அறையில பாறையில செதுக்கின ஒரு பெரிய முகம். அதோட மூக்குத் துவாரத்துல கையை விட்டா உள்ள ஒரு சங்கிலி, இழுத்தா வெளியே போற வழி திறக்கும். வாய்க்குள்ள கையை விட்டா ஆள் உப்பாயிடுவான். பழைய முறையில அதுக்குப் பகடையே கிடையாது. உப்புன்னா உப்பு. மூலத்துல துப்பு இங்கிலீஷ்ல நாலு வரிப் பாட்டா இருந்தது. அதை எடுத்துட்டு, குள்ளர் மொழியில ஒரு வரியா மாத்தினேன். சுரங்கம் தோண்டினவங்க குள்ளர்கள்தானே, அவங்க மொழியில இருக்கறதுதானே நியாயம். மத்த எல்லாத்தையும் புது முறைக்கு மாத்தினேன். பூதம், எலி, விஷ ஊத்து, எதுலயும் யாருக்கும் குறைவு வரல. அந்த உப்பு வரியை மட்டும் பழைய முறையிலயே விட்டுட்டேன்.

மூக்கு விஷயம் உனக்குத் தெரியாது. இந்த ஊர் வங்காளத்துல முக்ன்னா வாய், முகம். நாக்ன்னா மூக்கு. நீ வந்து ரெண்டு வருஷமாகுது, இன்னும் கவனிச்சிருக்க மாட்ட. முகுந்த்துக்குச் சின்னதுல மூக்கைச் சிந்துடான்னா வாய் கொப்பளிப்பான். நாக்கை நீட்டுடான்னு டாக்டர் சொன்னா மூக்கை முன்னாடி கொண்டு போவான். எங்க வைத்தியநாதன் சார் சிரிச்சுச் சிரிச்சுப் பொறையேறிக்குவார். என் வீட்டுக்காரர் வர்றவங்க போறவங்க முன்னாடியெல்லாம் அவனை நிறுத்தி, "கண்ணு, மூக்கைக் காட்டு"ம்பாங்க. வளர்ந்ததும் சரியாயிடுச்சு. ஆனா முழுசாச் சரியாயிடுச்சான்னு எனக்குச் சந்தேகம் இருந்தது. சந்தேகம் இருந்தா சரிபார்க்கணும், அதுதான் ஆபீஸ் பழக்கம்.

ஒரு நாள் காலையில அவன் நிதானமா ஷூ மாட்டிக்கிட்டு இருந்தப்ப, மூக்குல என்னவோ ஒட்டியிருக்குன்னேன். சரியா மூக்கைத்தான் துடைச்சான். சரி, போச்சுன்னு நினைச்சேன். அடுத்த வாரம் லேட்டாயிடுச்சு, லிஃப்டுக்கு ஓடறான், அப்ப பின்னாடியே போய், மூக்குல சோப்பு நுரைடான்னேன். ஓடிக்கிட்டே வாயைத் துடைச்சான். ஆக, அவசரம் வேணும். சமையல்கட்டுல முட்டைக்கு வைக்கிற மணல் கடிகாரம் இருந்தது. அதை எடுத்து டேபிள் மேல வெச்சேன்.

அன்னைக்கு என்ன நடந்ததுன்னு உனக்குத் தெரியும், நீயும் இருந்த. ஆனாலும் நான் பார்த்த மாதிரி சொல்றேன். முகத்தை இங்கிலீஷ்ல வர்ணிச்சேன். கண், துவாரம், வாய், தொங்கற நாக்கு, எல்லாம் இங்கிலீஷ்ல. தமிழ்ல முதல்லயே சொல்லியிருந்தா அவனுக்குப் பிடிபட்டிருக்கும். அப்புறம் மேல்கூரை இறங்குதுன்னு சொல்லி மணல் கடிகாரத்தைக் கவுத்தினேன். ரோஹித் நாற்காலியில இருந்து எந்திரிச்சுட்டான். எழுத்து குள்ளர் மொழியில இருக்கு, பழனி மட்டும்தான் படிக்கலாம்னேன். ஒரே தடவை, வேகமாப் படிச்சேன்.

"மூக்குல கையை உடு. நாக்குப் பக்கம் போகாத."

உன் முகம் எனக்கு நேரா இருந்தது. உனக்கு உடனே புரிஞ்சுது, கோபிக்காரிக்குப் புரியாம இருக்குமா. முகுந்த் அந்தப் பக்கம் உதட்டைத் தடவிக்கிட்டே யோசிக்கிறான். அவன் காதுல அது தலைகீழாப் போய் விழுந்திருக்கு, வாய்க்குள்ள கையை விடு, மூக்குப் பக்கம் போகாதேன்னு. நீ பாதி எந்திரிச்சு "முகுந்த்"ன்ன.

"உன் மந்திரவாதிக்குக் குள்ளர் மொழி தெரியாது, சுபிக்ஷா"ன்னேன்.

நீ உட்கார்ந்துட்ட. விதின்னா விதி. பாத்திரத்துக்குத் தெரியாததை ஆட்டக்காரர் பேசக் கூடாது. இத்தனை நாளா அதை நினைச்சுத்தான் நீ தூங்காம இருக்கன்னு ரோஹித் சொன்னான். அதுக்கு அவசியமே இல்ல. நீ விதியை மதிச்ச. அன்னைக்கு அந்த மேஜையில தப்பே பண்ணாத ஆள் நீ ஒருத்திதான்.

மணல் தீரப் போற நேரத்துல முகுந்த் கத்தினான், "தி மவுத்! ஐ புட் மை ஹேண்ட் இன் த மவுத்!" அப்பா குரல்ல சொல்லல. அவன் குரல்தான், பதறின குரல். நான் புத்தகத்தைப் பார்த்துப் படிச்சேன். விரல் நுனியில இருந்து வெள்ளையாகுது, முழங்கை, தோள், தாடின்னு. பகடையைக் கையில எடுத்துட்டு, எதை உருட்டணும்னு கேட்டான். உருட்ட எதுவும் இல்லைன்னேன். உடம்பையாவது தூக்கிட்டுப் போறோம், கோயில்ல எழுப்பிக்கலாம்னு ரோஹித் சொன்னான். கூரையில இருந்து தண்ணி சொட்டுது, உப்பு கரைஞ்சுடுச்சு, தூக்க ஒண்ணும் இல்லைன்னேன். சொட்டறது மூலத்துல இல்ல. அது நான் சேர்த்தது.

முகுந்த் சண்டை போடல. சித்த நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் "டிக் ஆச்சே"ன்னு வங்காளத்துல சரி சொன்னான். செத்தவங்கதான் டீ போடணும்னு ஹரீஷ் காலத்துல ஒரு விதி இருந்ததாம், யாரும் சாகாததால எல்லாரும் மறந்துட்டோம். அவன் மறக்கல. போய் இஞ்சி தட்டி எல்லாருக்கும் டீ போட்டுக் கொண்டு வந்தான். எனக்குச் சக்கரை போடல, அதுகூட ஞாபகம் இருந்தது அவனுக்கு. பொய் சொல்ல மாட்டேன், பாதிக்கு மேல என்னால குடிக்க முடியல.

ஏன்னு கேக்கற. அவன் நல்லதுக்குத்தான் கண்ணு. இருபத்தாறு வயசு ஆம்பளை, ஞாயித்துக்கிழமை மட்டும் அப்பா வேஷம் கட்டிக்கிட்டு மத்த நாளெல்லாம் வாயைத் தைச்சுக்கிட்டு இருந்தா அவனுக்குன்னு ஒரு வாழ்க்கை எப்ப வரும்? அந்தக் குள்ளன் போனா, என் பையன் வெளிய வருவான், என்கிட்ட அவன் குரல்ல நாலு வார்த்தை பேசுவான்னு நினைச்சேன். இதுல என்ன தப்புன்னு இன்னும் எனக்குத் தெரியல. கணக்குச் சரியாத்தான் இருந்தது.

அவன் என்கிட்ட இப்ப பேசறான்தான். வங்காளத்துல. காலையில போறப்ப "ஆஷ்சி மா"ங்கறான். ரொம்ப மரியாதையான பையனா ஆயிட்டான். ஊருக்கு ஃபோன் பேசினா ஸ்பீக்கரை என் பக்கம் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிடறான். இந்த வீட்டுல தமிழ் பேசறது இப்ப நான் ஒருத்தி, எனக்கு நானே. பழைய வில்வீரனைத் தூசி தட்டி எடுத்திருக்கான். அந்த வில்வீரன் ரொம்ப நல்லவன். ஒரு ஜோக் அடிக்கறதில்ல.

ஒரு நாள் மெட்ரோவுல வர்றப்ப உன்கிட்ட அவன் என்னமோ சொன்னான்னு சொன்னியே. பாபாவோட பாஷை எனக்கு ஒழுங்காத் தெரியல, தெரியாம நடிச்சேன், அதான் அவர் போயிட்டார், இனிமே அதைப் பேச எனக்கு உரிமை இல்லைன்னு. மூக்கும் முக்கும் குழம்பினதுக்கு அப்பனையே கொன்னுட்டதா ஒரு பையன் நினைச்சுக்கிட்டுத் திரியறான்னா, கேக்கறதுக்கு நல்லா இல்லைதான். நீ சொல்றது எனக்கும் புரியுது. இது பொறி, உன் மேல தப்பில்ல, உங்கம்மா வேணும்னே வெச்சதுன்னு அவன்கிட்டச் சொல்லிடணும்ங்கற. சொன்னா அவன் மறுபடி பேசுவான்ங்கற.

சொல்லலாம். ஆனா யோசிச்சுப் பாரு. சொன்னா பழனியைத் திருப்பிக் கேப்பான். நான் குடுக்கணும். புது முறையில அதுக்கு ஒரு மந்திரம் இருக்கு, உடம்பே இல்லாட்டியும் எழுப்பலாம். அதை நான் நம்ம விளையாட்டுல சேர்க்கல, அவ்வளவுதான். எழுப்பினா அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தக் குள்ளன் நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, கலாவுக்கு என்னுங் தெரியும்னு ஆரம்பிப்பான். இப்ப அதுக்கு அவசியம் இல்லாம பண்ணிட்டேனே.

ஆமா, சத்திரக்காரன். அதைக் கேக்கத்தான் நீ மெயினா வந்தன்னு எனக்குத் தெரியும். போன ஞாயிறு உங்களை மலையடிவாரத்துச் சத்திரத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். கதவைத் திறந்து, "வாங், வாங். ஒறம்பரை வந்துட்டாங், எலையைப் போடு சாமி"ன்னு ஒருத்தன் வந்தான். நான்தான் பேசினேன். எனக்கு அந்தக் குரல் வரும்னு எனக்கே தெரியாது. கூடவே இருந்தவளுக்கு வராதா. நீ வெளுத்துப் போயிட்ட. ரோஹித் பாத்ரூமுக்குப் போயிட்டான், அவனுக்கு அதே வேலை.

நான் ஒண்ணும் பெருசா மாத்தல. அந்த 'ங்', அந்த இருமல், சோத்துல கை வெச்சுட்டு மேல பார்த்துச் சிரிக்கறது, எல்லாம் மூலத்துல இருக்கிற மாதிரியே வெச்சிருக்கேன். ஒரு வரியைத்தான் புது முறைக்கு மாத்தினேன். மலையைத் தாண்ட எது குறுக்கு வழின்னு நீங்க கேட்டப்ப, சத்திரக்காரன் என்ன சொன்னான்? "மாஸ்டரம்மாவைக் கேளுங். அந்தம்மாவுக்குத் தெரியாதது என்னுங் இருக்கு?" அவ்வளவுதான். அதுக்காக யாருக்கும் எதுவும் குறைஞ்சு போகல.

அதுவும் போக, முகுந்த் பேசினானே. அதை ஏன் நீ சொல்ல மாட்டேங்கற? தலையைத் தூக்கினான், சத்திரக்காரனையே பார்த்தான், எத்தனையோ மாசத்துக்கப்புறம் முதல் தமிழ் வார்த்தை. "சாப்டீங்களாப்பா?"ன்னான். என்கிட்டத்தான் கேட்டான், பதில் என் வாயில இருந்துதானே வந்தது. நீ நினைக்கிற மாதிரி அந்த 'ப்பா'வுல ஒண்ணும் இல்ல. நாம எல்லாரையும்தான் 'என்னப்பா, வாப்பா'ங்கறோம். ஆட்டோக்காரரைக்கூடச் சொல்றோம். ஆட்டம் முடிஞ்சப்புறம் அவன் பால்கனியில நின்னு அழுதான்னா, அழட்டும், அழுதா பாரம் குறையும்.

அது யாரும் இல்ல கண்ணு. வழியில வர்றவங்களுக்குச் சோறு போடற சத்திரக்காரன். நான் பேசறதைக் கவனிச்சுப் பாரேன், அவன் அவன்னுதானே சொல்றேன். கட்டின புருஷனை நம்ம பக்கத்துல யாராவது அவன்னு சொல்லுவாங்களா? வாய் வராது. பேர்கூட வெக்கல அவனுக்கு. கவசம் எத்தனை, உயிர் எத்தனைன்னு ஒரு எண்ணும் போடல. இந்தாளை அடிச்சா என்ன ஆகும்னு ரோஹித் விளையாட்டாக் கேட்டான். எண் இருந்தாத்தானேடா குறைக்க முடியும், எண்ணே இல்லாதவனைப் பழைய முறையிலயும் கொல்ல முடியாது, புது முறையிலயும் கொல்ல முடியாதுன்னேன்.

முகுந்த்கிட்ட நீ சொல்றதுன்னா சொல்லு, நான் தடுக்கல. ஆமா, தெரிஞ்சேதான் பண்ணேன். ஆனா சொல்றதுக்கு முன்னாடி, அவன் மறுபடி அந்தச் சத்திரத்துக்கு வரணுமா வேண்டாமான்னு மட்டும் யோசிச்சுக்க.

லிஃப்ட் சத்தம் கேக்குது, வந்துட்டான்போல. கண்ணைத் துடைச்சுக்க. ஞாயித்துக்கிழமை மட்டும் சீக்கிரம் வந்துரு சாமி. சோறு ஆறிப்போனா அவுங்களுக்குப் பிடிக்காது.